ஆளுக்கு நூற்று அறுபத்தொன்பது

மார்ச் 3, திங்கள்

மேனேஜர் குற்றாலிங்கம் சார் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இசக்கி, உனக்கு வாய் கூடிப்போச்சு. சொல்லணும்னு தோணுறத எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோ. ஆபீஸ்ல சொல்லாத" என்றார். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவருடைய புதுச் சட்டையைப் பார்த்து, வெடிமருந்துப் பெட்டியில் ஒட்டுகிற ஆரஞ்சு லேபிள் மாதிரி பளிச்சென்று இருக்கிறது, தூரத்தில் வரும்போதே ஆள் விலகிவிடலாம் என்று சொன்னேன். பாராட்டித்தான் சொன்னேன்.

சரி, எழுதுகிறேன். ஜனவரியில் கப்பல் கம்பெனிகள் கொடுத்த டைரிகளில் யாரும் எடுக்காத ஒன்று அலமாரியில் கிடந்தது. அட்டையில் தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது. எனக்கு அது போதும்.

என் பெயர் இசக்கியம்மாள். வயது நாற்பத்தேழு. படிப்பு ஆறாவது, அதுவும் முழுசாக இல்லை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில், கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் காட்டி விடுவித்துக் கொடுக்கிற ஆபீஸில் பதினாலு வருஷமாகக் கூட்டுகிறேன், டீ போடுகிறேன், ஃபைல் தூக்குகிறேன். மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேருக்கு நாற்காலி உண்டு.

ஏ.சி. போட்ட ஒரே அறையில் மனிதர்கள் இல்லை, சர்வர் இருக்கிறது. கறுப்பு இரும்பு அலமாரி. நாள் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். நம் எல்லா பில்லும் அதன் வயிற்றுக்குள்தான். அதைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை ஜெனோவா. வந்து பதினோரு மாதமாகிறது. இந்த மாதக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சென்னைக்குத்தான் போக வேண்டும், இந்த ஊரில் வேறு யாரும் இந்த அலமாரியை வைத்துக்கொண்டு கஷ்டப்படவில்லை. ஆனால் அவள் போக முடியாது. அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மார்ச் 5, புதன்

வெளிநாட்டிலிருந்து மரத்தடி இறக்குகிற எங்கள் பெரிய வாடிக்கையாளர் கடிதம் போட்டிருக்கிறார். 28ஆம் தேதி தணிக்கைக்கு ஆள் வரும். சர்வருக்குள் என்னென்ன மென்பொருள் ஏற்றியிருக்கிறது என்று முழுப் பட்டியல் வேண்டும். பொறுப்பாளர் பெயரும் எழுதியிருக்க வேண்டும்.

ஜெனோவா கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தாள். பட்டியல் கொட்டியது பாருங்கள், நான் டீ ஆற்றி முடிக்கிற வரை கொட்டியது. ஒவ்வொரு மென்பொருளையும் பேக்கேஜ் என்கிறார்கள். நான் பொட்டலம் என்று எழுதிக்கொள்கிறேன். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பது பொட்டலம். அச்செடுத்தால் முப்பத்தெட்டுப் பக்கம்.

மேனேஜர் பட்டியலைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார். இருபத்தாறு வருஷமாகக் கப்பல் சரக்குப் பட்டியலில் வரிக்கு வரி கையெழுத்து வாங்கிப் பழகிய கை.

"இதுல ஒவ்வொண்ணுக்கும் யாரு பொறுப்பு?" என்றார்.

"சார், மொத்தத்துக்கும் ஒரு பேர் போட்டா போதும். என் பேரப் போடுங்க. இதெல்லாம் சாஃப்ட்வேர், ஒண்ணை நம்பி ஒண்ணு இருக்கும்."

"சாஃப்ட்வேரோ சாம்பிராணியோ, லிஸ்ட்டுன்னு இருந்தா வரிக்கு ஒரு கையெழுத்து வேணும்மா. கன்டெய்னர்ல நாலு பேர் சரக்கு வந்தா நாலு பேர் கையெழுத்து. அதுவுமில்லாம நீ இன்னும் பெர்மனென்ட் ஆகல. எல்லாம் உன் பேர்ல இருந்தா நாளைக்கு நீ இல்லாம ஆபீஸ் ஓடாதுன்னு ஆயிருமே."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது. அதைப் பொறுக்கி எடுக்க முடியாமல் கால்குலேட்டரைத் தட்டினார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதைப் பதினொன்றால் வகுத்தால் நூற்று அறுபத்தொன்பது. மிச்சமே இல்லை. மேனேஜர் நிமிர்ந்து சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

இன்று நூற்று அறுபத்தொன்பது பிள்ளைகளுக்குத் தாயானேன். வலி எல்லாம் கையெழுத்துப் போட்ட விரலில்தான்.

மார்ச் 8, சனி

பட்டியல் ஆங்கில எழுத்து வரிசைப்படி இருக்கிறது. மேனேஜர் கடைசி ஊழியரிடமிருந்து பங்கு வைக்க ஆரம்பித்ததால் முதல் நூற்று அறுபத்தொன்பதும் எனக்கு விழுந்தது. கணக்குப் பிள்ளை சங்கரநயினார் அண்ணாச்சி உட்பட ஐந்து பேருக்கு 'லிப்' என்று தொடங்குகிற பொட்டலம் தவிர வேறொன்றும் விழவில்லை. டிரைவருக்குக்கூட ஏதோ பைத்தான் என்று பாம்புப் பெயர் கிடைத்தது. அண்ணாச்சிக்கு லிப், லிப், லிப். கோழி கொத்துகிற மாதிரி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெறும் கையெழுத்து போதாதாம். தன் பங்கில் உள்ள ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு வரி எழுத வேண்டும். விளக்கம் எழுத முடியாததை சர்வரிலிருந்து இறக்கிவிடுவார்களாம். அதற்காக ஜெனோவா மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டு, சர்வருக்குள் தேட மட்டும் அனுமதி கொடுத்து வைத்திருக்கிறாள். தேடலாம், வாசிக்கலாம். ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது.

"அக்கா, பேர் முழுசா தெரிஞ்சா ஆப்ட் ஷோன்னு அடிச்சுட்டு அந்தப் பேர அடிங்க. பேர் தெரியல, என்ன வேலைக்குன்னு மட்டும் தெரியும்னா ஆப்ட் சர்ச்சுன்னு அடிச்சு, வேலையச் சொல்லுங்க."

"இவ்வளவுதானா? இதுக்கா ஏ.சி.?"

"ஏ.சி. அதுக்கு அக்கா, எனக்கில்ல."

ஒற்றை விரலால் அடித்தேன். எழுத்துகளை எனக்குத் தெரியும், கூட்டி வாசிப்பேன், பொருள் அவள் சொல்வாள். முதலில் சர்ச் போட்டு 'பிரிண்ட்' என்று கேட்டேன். ஒரு பக்கம், இரண்டு பக்கம் இல்லை, திரை நிற்காமல் ஓடியது. பதறிப்போய், "ஏட்டி, ஒடச்சுட்டேனா?" என்றேன்.

"இல்லக்கா. உலகத்துல இருக்குற எல்லாத்தையும் காட்டுது. நம்மகிட்ட ஏத்துனதுக்குப் பக்கத்துல மட்டும் இன்ஸ்டால்டுன்னு போட்டிருக்கும். அதை மட்டும் பாருங்க."

கல்யாண வீட்டில் கூட்டத்தைப் பார்க்காமல் நம் வீட்டு ஆட்களை மட்டும் தேடுவது போல. அது எனக்கு வரும்.

அண்ணாச்சி உட்கார்ந்ததும் சர்ச் போட்டு தன் பெயரையே அடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. முகம் வாடிப்போய்விட்டது.

மார்ச் 10, திங்கள்

என் பங்கில் தொண்ணூறு முடித்துவிட்டேன். சில பிள்ளைகள் லேசுப்பட்டதுகள் இல்லை. இந்தத் தேடுகிற ஆப்ட் இருக்கிறதே, அதுவே என் பெயரில்தான். பாஷ் என்று ஒன்று, நாம் அடிப்பதை வாங்கி சர்வரிடம் சொல்கிற ஆள், அதுவும் என்னுடையது. கோர்யூட்டில்ஸ் என்று ஒன்று. ஃபைலை நகல் எடுப்பது, நகர்த்துவது, அழிப்பது, பட்டியல் போடுவது எல்லாம் அதுதான். "அது இல்லாட்டி இந்தப் பெட்டியில ஒரு வேலையும் நடக்காது அக்கா. ஆனா யாரும் அது பேரச் சொல்ல மாட்டாங்க" என்றாள் ஜெனோவா. அதைக் கேட்டதும் அதன் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. காரணம் தெரியவில்லை.

வரிசை பார்க்காமல் அங்கங்கே தாவி நூற்று ஐம்பத்தெட்டாவது வரிக்கு வந்தபோது ஜெனோவா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இது வேண்டாம்க்கா, நானே எழுதிருதேன்."

வேண்டாம் என்றால் நான் விடுகிற ஆளா? ஷோ போட்டேன். கவ்சே. மாடு பேசும் என்று போட்டிருக்கிறது. நாம் ஒரு வார்த்தை கொடுத்தால், எழுத்துகளையும் கோடுகளையும் வைத்தே ஒரு பசுமாட்டை வரைந்து, அந்த வார்த்தையை மாடு சொல்கிற மாதிரிக் காட்டும். அவ்வளவுதான். வேறு ஒரு வேலையும் செய்யாது.

ஜெனோவா அவள் பெட்டியில் அடித்துக் காட்டினாள். மாடு வந்தது. நான்கு கால், மடி, வால் எல்லாம் இருக்கிறது. 'எல்லா பில்லும் பத்திரம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிற்று. இருவரும் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தோம்.

"தினம் காலையில நகல் எடுத்து முடிஞ்சா இது எனக்கு வந்து சொல்லும். அம்மாவ ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப ஏத்துனது. வந்த உடனே சிரிக்க ஏதாவது வேணும்னு இருந்துச்சு" என்றாள். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. சார் காதுக்குப் போனா லெட்டர் வராது."

இசக்கியம்மாள் வாயைத் திறப்பாளா என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் தலையில் அல்ல, என் தலையில்.

மார்ச் 12, புதன்

வெயில் அதிகம். டீத்தூள் மாற்ற வேண்டும், புதிது சாயம் மட்டும் இறங்குகிறது, மணம் இல்லை.

மூன்றரை டீக்கு எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். சங்கரநயினார் அண்ணாச்சி, "நூத்தி அறுபத்தொம்பதும் லிப்புதான்ளா. ஒண்ணுலயாவது ஒரு சுவாரசியம் உண்டா?" என்று அழாத குறையாகச் சொன்னார். பாவம், மனுஷனை அப்படியே விட முடியுமா? பேச்சு வாக்கில், "உங்களுக்கு லிப்பு, எனக்குப் பசுமாடு" என்று வந்துவிட்டது. என்ன மாடு, எங்கே மாடு என்று அவர்கள்தான் கேட்டார்கள். கேட்டால் பதில் சொல்வது மரியாதை. மாடு எப்படி நிற்கும் என்று டீத்தட்டைத் தலையில் கொம்பு மாதிரி வைத்துக் காட்டினேன். டிரைவர் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியிருந்தது. இந்த ஆபீஸில் எட்டுப் பேர் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒன்பதாவது ஆளாக மேனேஜர் பின்னால் நின்றிருக்கிறார். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

ஜெனோவா டீ வேண்டாம் என்றாள். டீத்தூள்தான் காரணமாக இருக்கும்.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் அறையில் விசாரணை. கதவு சாத்தியிருந்தது. ஆனால் மேலே கண்ணாடி உடைந்து மூன்று வருஷம் ஆகிறது.

"நம்ம தொழில்ல பெரிய பாவம் எது தெரியுமாம்மா? பட்டியல்ல சொல்லாம சரக்க ஏத்துறது. கப்பல்ல செஞ்சா லைசென்ஸ் போகும். நீ கம்பெனி சர்வர்ல கால்நடை ஏத்திருக்க."

"சார், அது பட்டியல்ல இருக்கு. நூத்தி அம்பத்தெட்டாவது வரி. நான் எதையும் மறைக்கல."

"எதுக்கு ஏத்துன? தொழிலுக்கு வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

"வேண்டாம் சார்."

அந்த ஒரு சொல்லைப் பெரிதாக எழுதிக்கொண்டார். நிரந்தரக் கடிதம் நிறுத்தம். திங்கள் முதல் வீட்டில் இருக்க வேண்டும். 28ஆம் தேதி தணிக்கையாளரிடம், குற்றத்தைக் கண்டுபிடித்து ஆளை நீக்கிவிட்டோம் என்று அறிக்கை கொடுப்பார். அதைப் பார்த்து வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவாராம்.

ஜெனோவா வெளியே வந்தாள். நான் துடைப்பத்தோடு நின்றேன். அவள் சுற்றிக்கொண்டு போனாள். தரை ஈரமாக இருந்ததால் இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

பெரிய கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஜெனோவா வீட்டுக்குப் போனேன். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது. வெறுங்கையோடு போவானேன் என்று பேக்கரியில் மக்ரூன் வாங்கிக்கொண்டேன்.

அவள் அம்மாவுக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. என்னைப் பார்த்ததும் பாதி முகத்தால் சிரித்தார். "இவியதான் இசக்கியக்கா" என்றாள் ஜெனோவா. "ஆபீஸ்ல மாடு வேணாம், இவியளே போதும்."

"பிள்ள, நான் வேணும்னு சொல்லல..."

"நீங்க வேணும்னு ஒண்ணும் செய்ய மாட்டியக்கா. அதான் பயமா இருக்கு."

அம்மாவுக்கு வாய் துடைத்துவிட்டபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். மக்ரூன் நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். மழை வரும்போல் இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மழை வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சர்வரின் முழு அதிகாரத்துக்கான கடவுச்சொல்லை ஒரு காகித உறையில் போட்டு, அரக்கு வைத்து, மேனேஜர் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். இன்று உறையைப் பிரித்தார். விளக்கம் எழுதாத பொட்டலங்களைத் தன் கையாலேயே இறக்கப் போகிறாராம். எல்லாரும் சுற்றி நின்றோம்.

முதல் பக்கத்தை விரித்தார். என் பக்கம்தான். நான் விளக்கங்களை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், பட்டியலில் இன்னும் ஏற்றவில்லை. அவர் விரல் கோர்யூட்டில்ஸில் போய் நின்றது.

"இது என்ன கோரு கோருன்னு? யாரு கோரிக்கை வச்சா? எடுத்துருவோம்."

அடித்தார். திரை சிவப்பாகக் கத்தியது. இது மிகமிக அவசியமானது, எடுத்தால் பெட்டியே கெட்டுப்போகும், அப்படியும் வேண்டுமென்றால், 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்' என்று முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொல்கிறது என்று எங்கள் சுங்கக் கிளார்க் வாசித்துச் சொன்னான். மேனேஜர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! இருபத்தாறு வருஷமாக எங்களிடம் அவர் சொல்கிற ஒரே வாக்கியம் அது. முதல்முறையாக ஒரு மிஷின் அதை அவரிடம் கேட்டு வாங்குகிறது. ஆசை ஆசையாக ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டு போனார்.

நான் நடுவே புகுந்து கீபோர்டைத் தூக்கிவிட்டேன். சும்மா இல்லை, தூசி துடைக்கிற மாதிரி.

"இசக்கி! கீழ வை."

"சார், எந்தச் சரக்குனாலும் பொறுப்பாளி கையெழுத்தில்லாம இறக்கக் கூடாதுல்லா? இது என் பேர்ல இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"ஃபைல நகல் எடுக்கும், நகர்த்தும், அழிக்கும், பட்டியல் போடும். ஒண்ணாம் பக்கத்துக்கு விளக்கம் கேட்டிய, எழுதி வச்சிருக்கேன். வாசிக்கட்டுமா?"

அண்ணாச்சி இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும். மேனேஜர் என்னைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் முத்திரையைப் பார்த்தார். அவரே போட்ட சட்டம், அவரே குத்திய முத்திரை. கடவுச்சொல் எழுதிய தாளை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்து, புது அரக்கு கொண்டுவரச் சொன்னார். அரக்கு நான்தான் உருக்கிக் கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இப்போது எல்லாருக்கும் நான்தான் தேடிக் கொடுக்கிறேன். அண்ணாச்சியின் லிப்புகளில் நாற்பது முடித்தாயிற்று. அவற்றில் ஒன்று படங்களைச் சின்னதாக்கும், ஒன்று தேதியைத் திருத்தும். தனியாக எதுவும் செய்யாது, மற்றவர்களுக்குத் தோள் கொடுக்கும். அவ்வளவு நல்ல பிள்ளைகள், அண்ணாச்சிக்குத்தான் அருமை தெரியவில்லை.

மூலையில் இருக்கிற தேடுகிற பெட்டியைக் காலையில் திறந்தால் முதல் வரிகளில் ஒரு எண் வரும். இத்தனை பொட்டலத்துக்குப் புதுப்பதிப்பு வந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று. ஜெனோவா இருக்கும்போது அது எப்போதும் பூஜ்யம்தான். திங்களன்று ஒன்பது. இன்று இருபத்து மூன்று. மேனேஜரிடம் சொன்னேன். "கூடுறது நல்லதுதானே" என்றார்.

ஜெனோவாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். அந்த எண்ணைச் சொல்லத்தான். எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

என் நூற்று அறுபத்தெட்டுக்கும் விளக்கம் எழுதியாயிற்று. மாடு மட்டும் பாக்கி. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். மதியம் சாப்பிட மறந்துவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

தணிக்கைக்கு வந்தது ஒரு அம்மா. கோயம்புத்தூர்ப் பக்கம். கனத்த கண்ணாடி, கையில் தண்ணீர் பாட்டில், முகத்தில் பொழுதுபோக்கு எதுவும் கிடையாது.

நான் டீ எடுத்துக்கொண்டு போகும்போது பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இதென்னங்க, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையெழுத்து?"

"எங்க முறை மேடம். ஒரு பொட்டலம்கூட அனாதையா இருக்காது" என்றார் மேனேஜர். நெஞ்சு இரண்டு அங்குலம் முன்னால் வந்தது.

"சரிங்க. பாஷ் ஆரு பேர்ல இருக்குது? இசக்கியம்மாள்னு போட்டிருக்குதே, அவங்க எங்க?"

நான் டீத்தட்டைக் கீழே வைத்தேன். "நான்தாம்மா."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். டீயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் என்னைப் பார்த்தார்.

மேனேஜர் சட்டென்று ஜெனோவா அறிக்கையை நீட்டினார். "மேடம், இத விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. ஒரு தற்காலிக ஊழியர் அனுமதி இல்லாம மாடு ஒண்ண ஏத்திருந்தாங்க. கண்டுபுடிச்சிட்டோம். வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"மாடு என் பேர்ல இருக்கு சார்" என்றேன்.

"இசக்கி, நீ போ."

"நூத்தி அம்பத்தெட்டாவது வரி. என் கையெழுத்து, பக்கத்துல உங்க முத்திரை. விளக்கமும் எழுதிருக்கேன்."

அந்த அம்மா என் விளக்க நோட்டை வாங்கி வாசித்தார். நான் எழுதியிருந்தது இதுதான்: 'தினமும் காலையில் பில் எல்லாம் நகலாகிவிட்டதா என்று சொல்லும். சொல்லும்போது சிரிப்பு வரும். அதனால் மறக்காமல் பார்ப்பார்கள்.'

"இவங்க டீ போடுறவங்க மேடம். இதெல்லாம் சும்மா ஒரு..." என்று மேனேஜர் ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். சும்மா என்றால் முப்பத்தெட்டுப் பக்கமும் சும்மா. சும்மா இல்லை என்றால் மாடு என்னுடையது. வாசலில் இரண்டு பக்கமும் நாய் மறித்த ஆள் மாதிரி அவர் நிற்க, எனக்கே பாவமாக இருந்தது. இல்லை, பாவமாக இல்லை. எதற்குப் பொய் எழுத வேண்டும்?

"பட்டியல் உண்மைதான் மேடம்" என்றார் கடைசியில். "இசக்கிக்கு மெமோ குடுத்துருதேன்."

"குடுங்க, அது உங்க பாடு. மாடு ஆரையும் முட்டாதுங்க. எனக்கு வேற ஒண்ணு சொல்லுங்க. புதுப்பதிப்பு வந்தா அதையெல்லாம் ஆருங்க பாத்து மாத்தறது?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். பாருங்கள், பதினாலு வருஷத்தில் முதல்முறையாகப் பதில் தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார்.

"முப்பத்தொண்ணு காத்துக் கெடக்கும்மா" என்றேன். "அதப் பாக்குத பிள்ளையதான் வீட்டுக்கு அனுப்பியாச்சு. எனக்குத் தேடத் தெரியும், வாசிக்கத் தெரியும். மாத்தத் தெரியாது. தெரிஞ்சது அவ ஒருத்திக்குத்தான்."

அந்த அம்மா எழுதிக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், "பதினோரு பேரும் வேண்டாங்க. மொத்தத்துக்கும் ஒரே ஒரு பேர். அந்த ஆளு நிரந்தர ஊழியரா இருக்கோணும், புதுப்பதிப்பு பார்க்கத் தெரிஞ்சிருக்கோணும். திங்கக்கிழமைக்குள்ள பேரும் நியமனக் கடிதமும் வரலீன்னா, நான் தேறலைன்னு எழுதிருவேன்" என்றார்.

டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

மார்ச் 29, சனி

காலையில் மேனேஜரே ஜெனோவாவுக்குப் போன் செய்தார். மதியம் கடிதம் தயார். ஒரு வருஷமாக அவள் வேலையைப் பார்த்து வராத நிரந்தரம், நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் பழி போட ஒரு நிரந்தர ஆள் வேண்டும் என்றதும் அரை நாளில் வந்துவிட்டது. கையெழுத்துப் போடும்போது மேனேஜர் நிம்மதியாக மூச்சு விட்டார். அவர் பேரில் இருந்த நூற்று அறுபத்தொன்பதும் இறங்கியதல்லவா!

ஜெனோவா கடிதத்தை இரண்டு முறை வாசித்துப் பையில் வைத்தாள். ஏ.சி. அறைக்குள் போனாள். ஒரு மணி நேரத்தில் முப்பத்தொன்று பூஜ்யமானது. மாட்டையும் இறக்கிவிட்டாள். நான் மூலைப் பெட்டியில் ஷோ போட்டுப் பார்த்தேன். மாடு உலகத்தில் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

என் மேஜையில், அதாவது பாத்திரம் கழுவுகிற மேடையில், எனக்கு ஒரு உறை இருந்தது. மெமோ. 'தொழிலுக்குத் தேவையற்ற மாட்டை உமது பொறுப்பில் வைத்திருந்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் ஆங்கிலத்தில் எழுத்து மூலம் பதில் தரவும்.'

மார்ச் 31, திங்கள்

மெமோவுக்குப் பதில் எழுதித் தர ஆள் தேடினேன். அண்ணாச்சிக்கு நேரமில்லை, சுங்கக் கிளார்க்குக்குப் பயம். கடைசியில் ஏ.சி. அறைக் கதவைத் தட்டினேன். அவள் ஆபீஸுக்குத் திரும்பியதிலிருந்து என்னிடம் ஒரு சொல் பேசவில்லை.

"பிள்ள, இங்கிலீஷ்ல நாலு வரி எழுதித் தருவியா?"

மெமோவை வாங்கி வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"எழுதித் தாரேன். என்ன எழுதினேன்னு கேக்காம கையெழுத்துப் போடுவியளா?"

"நூத்தி அறுபத்தொம்பதுக்குக் கேக்காமதான் போட்டேன். இதுக்கு என்ன?"

அடித்து, அச்செடுத்துக் கொடுத்தாள். நாலு வரி கேட்டால் பத்து வரி இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டேன். "இனிமே உங்ககிட்ட எதையும் காட்ட மாட்டேன்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, காலண்டரில் தேதி பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேனேஜர் என் பதிலை வாங்கி, வாசிக்காமலே 'ஏற்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தி ஃபைலில் போடச் சொன்னார். ஃபைல் போடுகிறவர் சங்கரநயினார் அண்ணாச்சி. அவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி வாசிக்க ஆரம்பித்து, "ஏளா இசக்கி, இங்க வா" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"என்னளா எழுதிருக்க? தமிழ்ல சொல்லுதேன், கேளு. 'மார்ச் பத்தாம் தேதி ஒரு விஷயத்தை என்னிடம் நம்பிச் சொன்னார்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பன்னிரண்டாம் தேதி மூன்றரை மணிக்கு எட்டுப் பேரிடம் சொன்னேன். சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன். அதனால் ஒருத்தியின் பிழைப்பு போகப் பார்த்தது. வீடு வரைக்கும் போயும் மன்னிப்புக் கேட்கவில்லை, மக்ரூன்தான் கொடுத்தேன். இப்போது கேட்கிறேன்.'"

தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இது மெமோவுக்குப் பதில் மாதிரியே இல்லையேளா. யார்கிட்டயோ மன்னிப்புக் கேக்குத மாதிரில்லா இருக்கு? வேணா மேனேஜர்கிட்ட சொல்லி வாங்கித் தாரேன், மாத்தி எழுதிக் குடுக்கியா?"

ஏ.சி. அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஜெனோவா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் அடிக்கவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி, ஃபைல்ல போடுங்க" என்றேன். "இங்கிலீஷ்ல சொன்னா எல்லாம் அப்படித்தான் தெரியும்."